அவையறிதலும் டி.ஜே. தொழிலும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஒரு தலைமையாசிரியர் பேச எழுந்தால், அவர் எதைப் பேசுவார் என்பது உங்களுக்கு முன்னரே தெரியும். போட்டித் தேர்வு, மருத்துவப் படிப்பு, ஆட்சிப் பணி என்று தொடங்குவார். இந்த மேடையிலேயே நானும் பல ஆண்டுகள் அவற்றைப் பேசியிருக்கிறேன். அவற்றில் ஒரு சொல்லையும் இன்று திரும்பப் பெற நான் வரவில்லை. ஆயினும் இவ்வாண்டு, விழாக்களில் இசையை ஓட்டும் டி.ஜே. தொழிலைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னபோது, நம் செயலாளர் சிறிது நேரம் என் முகத்தையே பார்த்தார். "சார் நல்லாத்தான் இருக்கீங்களா?" என்று கேட்கவில்லை, கேட்டது போல் இருந்தது.

காரணம் இதுதான். சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் என்னைப் பார்க்கப் பள்ளிக்கு வந்தார். அவருடைய மகன் என் பழைய மாணவன். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் முடித்தவன். "சார்ங்க, படிச்சு முடிச்சவன் வேலைக்குப் போகாம ரேடியோ செட்டு கட்டறேங்கறான். டி.ஜே. ஆகறேங்கறான். லோன் வாங்கித் தரச் சொல்றான். உங்க பேச்சைத்தான் கேப்பான், நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். போகும்போது வாசற்படியில் நின்று இன்னொன்றும் சொன்னார்: "அவங்கப்பன் ஊரூராப் போயி கொட்டடிச்சதே போதுங்க."

முதலில் சொன்னவற்றுக்கு என்னிடம் விடை இருந்தது. வாசற்படியில் சொன்னதற்கு இல்லை. அந்த விடையைத் தேடியதன் பயனே இன்றைய பேச்சு.

திருக்குறளின் பொருட்பாலில் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. 71ஆவது குறிப்பறிதல், 72ஆவது அவையறிதல், 73ஆவது அவையஞ்சாமை. வகுப்பில் இவற்றை அமைச்சனுக்கும் சொற்பொழிவாளனுக்கும் உரியவை என்றே நாங்கள் நடத்துவோம். எதிரில் இருப்பவன் வாய்திறந்து சொல்லாததை அறிதல், கூடியிருப்போர் எத்தகையோர் என்று அறிதல், அவர்கள் முன் அஞ்சாது நிற்றல். இம்மூன்றும் இல்லாதவன் டி.ஜே. தொழிலில் ஒரு நாள் இரவு கூட நிலைக்க முடியாது என்பதை நான் அண்மையில்தான் அறிந்தேன்.

டி.ஜே. என்பது டிஸ்க் ஜாக்கி என்பதன் சுருக்கம். டிஸ்க் என்பது இசைத்தட்டு. ஜாக்கி என்பவர் பந்தயக் குதிரை ஓட்டுபவர். நம் கொங்கு நாட்டார்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரேக்ளா வண்டி ஓட்டுபவரைப் பார்த்திருக்கிறோம். காளையின் மூச்சு எங்கே மாறுகிறது, எந்த இடத்தில் கயிற்றை விட வேண்டும், எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்பதை அறிந்தவரே எல்லைக் கோட்டை முதலில் தொடுகிறார். சாட்டையை மட்டும் நம்புபவரின் காளை பாதி வழியில் படுத்துவிடும். டி.ஜே.யின் காளை, கூட்டம்.

இந்த வித்தை மேல்நாட்டிலிருந்து வந்தது என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். கருவி அங்கிருந்து வந்தது. வித்தை நம் வீட்டில் இருந்தது. என் பெரியப்பா பறையடிப்பவர். மாரியம்மன் கோயில் பூச்சாட்டு முடிந்து கம்பம் நட்டபின், கொங்கு நாட்டு ஊர்களில் இரவு தோறும் கம்பத்தைச் சுற்றி ஆட்டம் நடக்கும். ஆடுபவர் ஊரார், அடிப்பவர் நம்மவர். ஆட்டம் தொடங்குமுன் வைக்கோலைக் கொளுத்தி அந்த அனலில் தோலைக் காய்ச்சுவார்கள். வலக்கையில் அடிக்குச்சி, இடக்கையில் சிண்டுக்குச்சி. அடி மாறினால் ஆட்டம் மாறும். நான் சிறுவனாக இருந்தபோது, பெரியப்பா அடிக்கும் நேரத்தில் பறையைப் பார்த்ததே இல்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். அவர் கண் முழுவதும் ஆடுபவர்களின் கால்களில் இருக்கும். கால் தரையை விட்டு எழுவது சோர்ந்தால் அடியைத் தளர்த்தி, அவர்கள் மூச்சு வாங்கட்டும் என்று விடுவார். யாரோ ஒருவர் சலங்கையைச் சரிசெய்து கொண்டு மீண்டும் உள்ளே வந்ததும் வேகத்தைக் கூட்டுவார். சாவு வீட்டில் வேறு அடி. சாமி வரும் இடத்தில் வேறு அடி. எந்த அம்மாளுக்கு அருள் வரப்போகிறது என்பதை அவர் அந்த அம்மாளுக்கு முன்னரே அறிவார் என்று ஊரில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அத்தனை அறிந்தவர்க்கு ஊர் என்ன கொடுத்தது? களத்தில் கொஞ்சம் தவசம், ஒரு துண்டு, ஒதுக்குப்புறத்தில் ஓர் இலைச் சோறு. கூலி பேசும் உரிமை கிடையாது. வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை அறவே கிடையாது. மகாராட்டிரத்தில் மகர் மக்களைப் பரம்பரை ஊர்வேலையில் கட்டிப் போட்டிருந்த வதன் முறையை ஒழிக்க அண்ணல் அம்பேத்கர் 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டு வந்தார். அந்த முறைக்கும் நம் ஊர் வழக்கத்திற்கும் பெயர்தான் வேறு. ஒடுக்கப்பட்டோரிடம் கட்டாய வேலை வாங்குவது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். அந்தச் சட்டம் வருமுன்னரே நம் இளைஞர் பலர் "இனிப் பறை தொடமாட்டோம்" என்று நின்றனர். அதற்காக அடியும் பட்டனர். பதினாறு வயதில் நானும் மறுத்தவன். அந்த மறுப்பில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

ஆனால் மறுத்த வேகத்தில் நான் ஒரு பிழை செய்தேன். பெரியப்பாவின் கையிலிருந்த விலங்கை வெறுத்தது சரி. அந்தக் கையில் இருந்த அறிவையும் சேர்த்து வெறுத்தேன். அவர் மறையும்வரை ஒரு நாளும் அவரருகில் அமர்ந்து, "இந்த அடியை ஏன் இங்கே மாற்றினீர்கள்?" என்று நான் கேட்டதில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மாணவரின் முகக்குறிப்பை அறிந்து பாடம் நடத்த வேண்டும் என்று படித்தபோது, அது ஏதோ புதிதென்று குறிப்பேட்டில் எழுதிக் கொண்டேன்!

நம் பகுதியின் தொழில் வரலாற்றில் இதற்கு ஒரு துணைக்கதை உண்டு. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அந்த மின்சாரத்தால் கோவையில் பஞ்சாலைகள் பெருகின. கிணறுகளுக்கு மோட்டார் பம்பு வந்தது. அதுவரை கவலை இறைத்த தோற்பறியைத் தைத்தும் பழுது பார்த்தும் வந்தவர்கள் நம் அருந்ததியர். பம்பு வந்ததும் பறி போயிற்று. பம்பைச் செய்து விற்றவர்கள் நாம் அல்லர். முதல் நம்மிடம் இல்லை, படிப்பும் இல்லை. அதே மின்கம்பியில்தான் மைக்செட்டும் வந்தது. கல்யாண வீட்டுப் பந்தலிலும் கோயில் வேப்பமரத்திலும் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டி, விடியுமுன் பிள்ளையார் பாட்டில் தொடங்கி, எந்த நேரத்திற்கு எந்தப் பாட்டு என்று தட்டை மாற்றிக் கொண்டிருந்தவரே நம் நாட்டின் முதல் டி.ஜே. என்பேன். அங்கும் கம்பம் ஏறிக் குழாய் கட்டியவர் நம்மவர். பெட்டிக்குச் சொந்தக்காரர் வேறொருவர். ஒவ்வொரு முறையும் இயந்திரம் மாறியது. நாம் நின்ற இடம் மாறவில்லை. ஆகவே இம்முறை கருவி யார் கையில் என்பதே எனக்கு முதற் கேள்வியாகத் தோன்றுகிறது.

இனி அமெரிக்கா செல்வோம். நியூயார்க்கு நகரத்தில் பிராங்க்ஸ் என்பது அக்காலத்தில் கறுப்பின ஏழை மக்கள் நிறைந்த பகுதி. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1955இல் பிறந்து, 1967இல் அங்கே குடியேறிய கிளைவ் கேம்பெல் என்ற இளைஞருக்கு கூல் ஹெர்க் என்பது பட்டப்பெயர். 1973 ஆகஸ்டு 11ஆம் நாள், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்கு வீட்டின் பொது அறையில் அவர் ஓர் இசை விருந்து நடத்தினார். எதற்காக என்று நினைக்கிறீர்கள்? பள்ளி திறக்கும் பருவம். அவர் தங்கை சிண்டிக்குப் பள்ளிக்குப் போட்டுச் செல்லப் புத்தாடை வேண்டியிருந்தது. அழைப்பிதழைக் கையால் எழுதினார்கள். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். ஒரு பெண்பிள்ளையின் பள்ளி உடுப்புக்காகக் கூடிய அந்த விருந்தைத்தான் ஹிப்ஹாப் என்னும் உலக இசைமரபின் பிறந்தநாளாக இன்று கொண்டாடுகிறார்கள்.

ஹெர்க் செய்தது என்ன? அவர் ஆடுபவர்களைப் பார்த்தார். பாட்டு முழுவதும் அவர்கள் ஆடவில்லை. பாடகர் ஓய்ந்து தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் சில நொடிகளுக்காகவே காத்திருந்தனர். அந்த நொடிகள் வந்ததும் தரை அதிர்ந்தது. போனதும் ஆட்டம் தணிந்தது. உடனே அவர் ஒரே தட்டில் இரண்டு படிகள் வாங்கினார். ஒன்றில் அந்தத் தாளப் பகுதி முடியும்போது மற்றொன்றில் அதே பகுதியைத் தொடங்கினார். சில நொடி பல நிமிடமாக நீண்டது. என் பெரியப்பாவின் கண் எங்கே இருந்ததோ, ஹெர்க்கின் கண்ணும் அங்கேதான் இருந்தது.

அவருக்குப் பின் வந்தவர் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ். இயற்பெயர் ஜோசப் சாட்லர். பார்படோசு தீவில் 1958இல் பிறந்தவர். தொழிற்கல்விப் பள்ளியில் மின்னணுவியல் படித்தவர். குப்பையில் வீசப்பட்ட கருவிகளைப் பிரித்துப் பார்த்துக் கற்றவர். கூட்டம் ஒரு தட்டைக் கேட்டுக் கொண்டிருக்கையில், அடுத்த தட்டைத் தாம் மட்டும் காதொலிப்பானில் முன்கூட்டிக் கேட்க வழி வேண்டும் என்று எண்ணி, அதற்கான சுவிட்சைத் தாமே அமைத்தார். எந்த இடத்தில் தாளம் தொடங்குகிறது என்று தட்டின்மேல் வண்ணக்கட்டியால் கோடிட்டுக் கொண்டார். பாலிடெக்னிக் பையன்களே, இதைக் கவனியுங்கள்: அவரை உயர்த்தியது பாட்டறிவு மட்டும் அன்று, மின்சுற்று அறிவும் சேர்ந்தது. ஆனால் இவ்வளவும் கற்றுத் தேர்ந்து முதன்முதல் மேடையேறி அந்த வித்தையைக் காட்டியபோது, கூட்டம் ஆடாமல் நின்று வேடிக்கை பார்த்ததாம். அன்று அழுதேன் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கை தேர்ந்துவிட்டது; அவையறிதல் இன்னும் கூடவில்லை. எங்கள் ஆசிரியர்களிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. யார் என்று கேட்காதீர்கள்.

சரி, கூட்டத்தை எப்படி அறிவது? இதை நான் சொல்லத் தகுதியற்றவன். எனவே அந்தத் தாய் வந்து போனபின், எட்டாண்டுகளாக இத்தொழிலில் இருக்கும் என் வேறொரு பழைய மாணவரிடம் சென்று, அவர் உதவியாளர்களோடு நான்கு நிகழ்ச்சிகளில் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் காதில் பஞ்சு வைத்துக் கொண்டேன். அவர் சொன்னதையும் நான் கண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நிகழ்ச்சிக்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. மண்டபத்திற்கு மணிக்கணக்கில் முன்பாகச் சென்று, நாற்காலிகள் எப்படி இருக்கின்றன, சாப்பாட்டுக் கூடம் எந்தப் பக்கம், பெரியவர்கள் எங்கே அமர்வார்கள், கைக்குழந்தையோடு வருபவர் எங்கே இருப்பார்கள் என்று பார்க்கிறார். ஒலிபெருக்கியின் முகம் அந்தப் பக்கம் திரும்பாதபடி வைக்கிறார். பின்னர் பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் இருவரிடமும் வயதைக் கேட்கிறார். இது ஒரு கணக்கு. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. பதினைந்து வயது முதல் இருபத்தைந்து வரை கேட்ட பாட்டே ஒருவர் மனத்தில் ஆழப் பதியும் என்பது அவர் அனுபவம். 2025இல் ஐம்பத்தைந்து வயதானவர் 1985இல் பதினைந்து வயதுப் பிள்ளை. அவருக்கு இளையராசா. நாற்பத்தைந்து வயதானவர் 1995இல் பதினைந்து, "ரோஜா" படம் 1992இல் வந்துவிட்டது, அவருக்கு ரகுமான். எழுபதைத் தாண்டிய பாட்டிக்கு விசுவநாதன்–ராமமூர்த்தி. மணமக்களின் தோழர்களுக்கோ சென்ற மாதம் வந்த பாட்டு. கூட்டத்தில் எந்த வயதினர் எத்தனை பேர் என்று கூட்டிக் கழித்து இரவைப் பங்கிடுகிறார். கழித்தல் கணக்கு இதற்கெல்லாம் உதவும் என்று தெரிந்திருந்தால் நான் வகுப்பில் இன்னும் ஆர்வமாக நடத்தியிருப்பேன்.

முதலில் ஆட வருபவர்கள் எப்போதும் குழந்தைகள். அவர்களுக்கு வெட்கம் இல்லை. குழந்தைகளைப் பார்த்துக் கைதட்டும் சித்திமார், அத்தைமார் யார் என்று அவர் பார்க்கிறார். அந்தக் கைதட்டு தாளத்தோடு ஒட்டியிருந்தால், இரண்டு பாட்டுக்குள் அவர்கள் எழுவார்கள். பெண்கள் எழுந்தால் நிகழ்ச்சி வென்றது என்கிறார். ஆனால் இளைஞர் பட்டாளம் முன்னால் முட்டிக் கொண்டு நின்றால் பெண்கள் எழவே மாட்டார்கள். அப்போது இளைஞர்க்குப் பிடித்த பாட்டைத் தள்ளிப் போட்டு, அவர்களைத் தண்ணீர் குடிக்கப் போகவிட்டு, இடத்தைக் காலியாக்குகிறார். இதை அவர் ஒரு சொல்லும் பேசாமல் செய்தார். நான் பிரம்பெடுத்தாலும் அப்படிச் செய்ய என்னால் முடியாது.

ஆடும் நடுவிடத்தைப் பார்ப்பவன் ஏமாறுவான். ஓரத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவர் சொன்ன மற்றொன்று. நடுவில் இருப்பவர் எதைப் போட்டாலும் ஆடுவார். ஓரத்தில் நிற்பவரின் ஒரு கால் தரையைத் தட்டுகிறதா, அவர் கையிலிருக்கும் கைப்பேசி பைக்குள் போகிறதா, வாசலை நோக்கித் தோள் திரும்புகிறதா என்பதே குறிப்பு. மூன்று நான்கு பாட்டுக்கு மேல் ஒரே வேகத்தில் ஓட்டினால் மூச்சு போய்விடும். கூட்டம் சலித்ததென்று தவறாக எண்ணி இன்னும் வேகம் கூட்டுபவன் புதியவன். தேர்ந்தவன் ஒரு மெல்லிசையைப் போட்டு இளைப்பாற விடுவான். ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குப் போகையில் இரண்டின் வேகத்தையும் நிமிடத்திற்கு இத்தனை தட்டு என்று ஒப்பிட்டுச் சமன் செய்து, முதல் பாட்டின் அடிநாதத்தைத் தணித்துக் கொண்டே இரண்டாவதன் அடிநாதத்தை ஏற்றுகிறான். தாளம் அறுபடாததால் ஆடுபவர் கால் நிற்பதில்லை. பாட்டு மாறியதை அவர் மனம் உணருமுன் கால் உணர்ந்துவிடுகிறது.

திருப்பூரில் ஓர் ஆலையின் ஆண்டு விழா. கூட்டத்தில் பாதிப்பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர். நிர்வாகத்தார் கொடுத்த பட்டியலில் தமிழ்ப் பாட்டு மட்டுமே இருந்தது. நம்மவர் முன்பே அந்தத் தொழிலாளர் விடுதிக்குப் போய், போஜ்புரியிலும் ஒடியாவிலும் அவர்களுக்கு எது பிடிக்கும் என்று கேட்டு எழுதிக் கொண்டு வந்திருந்தார். பின்வரிசையில் சுவரோடு சாய்ந்து நின்ற அவர்கள், முதல் போஜ்புரிப் பாட்டின் தொடக்கம் கேட்டதும் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்ட பார்வையை நான் மறக்கமாட்டேன். ஊருக்குப் புறத்தே நிறுத்தப்பட்டவர் எவர் என்பதை நம் வீட்டுப் பிள்ளை விரைவில் கண்டுகொள்கிறான். அது நாம் பட்ட பாட்டில் வந்த கல்வி.

இனிச் சற்றுக் கசப்பான செய்தி. ஓர் ஊர்த் திருவிழா. ஊர்ப் பெயர் வேண்டாம். இரவு எட்டு மணிக்கு மேல் ஓர் இளைஞர் கூட்டம் மேடையருகே வந்து தங்கள் சாதியின் பெருமை பாடும் பாட்டைப் போடச் சொன்னது. எதிர்ப்புறத்தில் வேறொரு கூட்டம் எழுந்து நின்றது. முன்வரிசையில் இருந்த தாய்மார்கள் தம் குழந்தைகளைக் கையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார்கள். நம் மாணவர் முதலில் கண்டது அந்தக் கைகளைத்தான். அவர் மறுப்பு எதுவும் ஒலிபெருக்கியில் சொல்லவில்லை. இரு சாராரும் ஒன்றாக வாயசைக்கும் பழைய எம்.ஜி.ஆர். படப் பாட்டு ஒன்றை ஓடவிட்டு, விழாக்குழுப் பெரியவர் ஒருவரை அழைத்து அன்னதானம் பற்றி அறிவிக்கச் செய்தார். கேட்ட இளைஞரிடம், காவல்துறை கொடுத்த அனுமதிக் கடிதத்தின் நகலைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு அனுமதி கொடுக்கையில் சாதியையோ கட்சியையோ குறிக்கும் பாட்டு கூடாது என்று உயர் நீதிமன்றம் பலமுறை நிபந்தனை விதித்திருக்கிறது. அந்த நகலைப் பையில் வைத்திருப்பதும் அவையறிதலே. அன்று அங்கே சண்டை மூண்டிருந்தால் முதல் கல் யார் கருவிமேல் விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டுமா?

மற்றொரு நிகழ்ச்சி. ஒரு கல்யாண வீட்டில், இரவெல்லாம் கூட்டத்தை ஆட வைத்தவர்க்கு, அவர் எந்தத் தெருவிலிருந்து வந்தவர் என்று யாரோ விசாரித்து அறிந்தபின், பந்தியில் இடமில்லாது, வண்டி நிறுத்துமிடத்தில் பொட்டலம் வந்தது. பெரியப்பாவின் இலைச் சோறு பொட்டலமாயிற்று, அவ்வளவுதான். அவர் அதைத் தொடவில்லை, சண்டையும் போடவில்லை. மறுநாள் அச்சகத்திற்குப் போய், தம் ஒப்பந்தத் தாளில் ஒரு வரியைச் சேர்த்தார்: "பணியாளர் அனைவர்க்கும் விருந்தினரோடு பந்தியில் உணவு அளிக்கப்பட வேண்டும்." முன்பணம் பாதி, நேரம் இவ்வளவு என்ற நிபந்தனைகளோடு அதுவும் இருக்கிறது. கையெழுத்திடத் தயங்குபவர் நிகழ்ச்சியை அவர் ஏற்பதில்லை. சில நிகழ்ச்சிகள் போயின. அந்தத் தாளை நான் கேட்டு வாங்கி என் மேசையில் வைத்திருக்கிறேன். வாசற்படியில் நின்று அந்தத் தாய் சொன்னதற்கு என்னிடம் உள்ள விடை அந்த ஒரு வரி. தந்தை அடித்த கொட்டுக்கும் மகன் ஓட்டும் இசைக்கும் இடையில் இருப்பது, விலையைத் தானே சொல்வதும், வரமாட்டேன் என்று சொல்ல முடிவதும்.

எனினும் தாயின் அச்சம் முழுவதும் பொய் அன்று. கடன் வாங்கிக் கருவி வாங்கிவிட்டு, திருமணம் இல்லாத ஆடி மாதத்திலும் மார்கழியிலும் தவணை கட்ட முடியாமல், கந்து வட்டியில் சிக்கியவர்களை நான் அறிவேன். எனவே தொடக்கத்திலேயே பெரிய ஒலிபெருக்கிகளை வாங்காதீர்கள். ஒரு மடிக்கணினியும் சிறிய கட்டுப்பாட்டுக் கருவியும் போதும். பெரியவற்றை வாடகைக்கு எடுக்கலாம். ஓராண்டு ஒருவரிடம் கேபிள் சுருட்டுங்கள். அதில் இழிவு இல்லை, கூலி பேசிச் சுருட்டினால். கடன் தேவையானால் தாட்கோ வழியாக நம் மக்களுக்கென 2023இல் அறிவிக்கப்பட்ட சி.எம். அரைஸ் திட்டம் இருக்கிறது. முதலீட்டில் 35 விழுக்காடு, மூன்றரை இலட்சம் ரூபாய் வரம்புக்குள் மானியம் என்பது அதன் ஏற்பாடு. அதே ஆண்டில் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இன்னும் பெரிய முதலீட்டுக்கானது. திட்ட அறிக்கை எழுதத் தெரியவில்லை என்று ஒருவரும் திரும்பிப் போக வேண்டாம்; ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் சங்கக் கட்டடத்திற்கு வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.

சட்டம் அறிந்து கொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதியாகும். திருமணத்தையும் அதனைச் சார்ந்த விழாவையும் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் விலக்கியிருந்தாலும், அந்த விலக்கு எதுவரை செல்லும் என்பதில் வழக்குகள் நடந்திருக்கின்றன. ஓட்டலிலும் கட்டணம் வாங்கும் நிகழ்ச்சியிலும் பாட்டுக்கு உரிமம் வேண்டும். உரிமம் யார் எடுப்பது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். ஈரத் தரையில், எர்த் இல்லாத இணைப்பில் ஒருபோதும் கருவியைத் தொடாதீர்கள். விழா நடத்துபவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

காதைப் பற்றி ஒரு சொல். 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பது தொழில்நல வல்லுநர் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். அப்படியே போட்டுப் பார்த்தால் 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடமே மிஞ்சும். உலக நலவாழ்வு நிறுவனம் 2022இல் இசையரங்குகளுக்கு வகுத்த உச்ச வரம்பும் சராசரி 100 டெசிபல்தான். அந்த அளவில் நான்கு மணி நேரம் நிற்கும் டி.ஜே.யின் காது என்ன ஆகும்? போன செவிப்புலன் திரும்பாது. காதடைப்பான் வாங்கச் சில நூறு ரூபாய் போதும். என் மாணவர்க்கு இடக்காதில் ஓயாமல் ஓர் இரைச்சல் கேட்கிறது. அவர் அதை இரண்டாண்டு தாமதமாக வாங்கினார்.

பெண்பிள்ளைகள் இதற்கு ஏற்றவரா என்று சென்ற வாரம் ஒருவர் கேட்டார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் நம் பெண்பிள்ளைகள் 1990களிலிருந்து பறையடித்து ஆடி, உலக நாடுகள் பலவற்றிலும் மேடை கண்டுவிட்டார்கள். பறை தொடுவதே பெண்ணுக்கு ஆகாது என்று நம் வீட்டுப் பெரியவர்களே சொன்ன காலம் அது. 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தபோது செய்தித்தாளில் அவர் படத்தை வெட்டி வகுப்பறையில் ஒட்டினேன். ஒரு மாணவி, "இவர் எத்தனை அடி தெரிஞ்சவருங்க சார்?" என்று கேட்டாள். என் பெரியப்பாவிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

அந்தத் தாயின் மகனிடம் பேசினேன். இறுதியாண்டு நிலுவைத் தாள் இரண்டை முதலில் முடித்துவிட்டுக் கடன் மனுவைக் கொண்டு வா என்றேன். ஒன்றை முடித்துவிட்டான். மற்றொன்று வருகிற பருவத்தில்.

இன்றைய விழாவுக்கு ஒலி அமைத்திருப்பவர் நான் சொன்ன அந்த எட்டாண்டு மாணவர்தான். அதோ பின்னால் கருவியருகே நிற்கிறார். நான் பேசத் தொடங்கியபோது அவர் என் முகத்தைப் பார்த்துக் கொண்டிருந்தார். இப்போது உங்கள் கால்களைப் பார்த்துக் கொண்டிருக்கிறார். கலைநிகழ்ச்சிக்குப் பிள்ளைகள் சலங்கை கட்டிக் காத்திருக்கிறார்கள். பத்து மணிக்கு அவர் நிறுத்தியே தீருவார். அதற்குள் அவர்களுக்கும் நேரம் வேண்டும்.